தலைக்கு மேலே ஜெட் காற்று ஓடும் இடத்தில் வான் ஆய்வகம் கட்டலாமா?

கேள்வி சுருக்கமாக இது. லடாக்கின் ஹான்லே 33 பாகை வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த வட்டாரத்துக்கு மேலே, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் காற்று மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் ஓடுகிறது. அங்கே தொலைநோக்கி வைத்தால் படம் கலங்காதா? மேலே காற்று அடங்கியிருக்கும் தென்னிந்தியாவே தேவலை இல்லையா? கேட்டவர் சென்னையில் மொட்டைமாடியில் 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி வைத்திருப்பவர். கோள்களைப் படம் எடுக்கும் முன்பு ஜெட் காற்று வரைபடத்தைப் பார்க்க வேண்டுமா என்றும் கூடவே கேட்டிருக்கிறார்.

உயரத்துக் காற்றின் வேகம் ஒன்றை மட்டும் வைத்து ஓர் இடத்தைத் தள்ளவும் முடியாது, கொள்ளவும் முடியாது. மேலே உள்ள காற்று படத்தை எவ்வளவு கலக்குகிறது என்பது ஒரு கேள்வி. அந்தக் கலக்கம் எவ்வளவு விரைவாக மாறிக்கொண்டே போகிறது என்பது வேறு கேள்வி. வேகம் நேரடியாகப் பதில் சொல்வது இரண்டாவதற்குத்தான். முதலாவதற்கு அது கொடுப்பது வெறும் குறிப்பு மட்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ‘ஜெட் காற்று இருந்தால் ஆய்வகம் உருப்படாது’ என்ற பேச்சு வருகிறது.

முதலில், ஒளியைக் கலக்குவது காற்றின் ஓட்டம் அல்ல. வெப்பநிலை வேறுபட்ட காற்றுத் துணுக்குகள் ஒன்றோடொன்று கலப்பதுதான் கலக்குகிறது. கடல் மட்ட அழுத்தத்தில் காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் அதன் ஒளிவிலகல் எண் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். அற்பமான அளவாகத் தோன்றும். ஆனால் ஒரு மீட்டர் தடிமனுள்ள துணுக்கு ஒன்று சுற்றுப்புறத்தைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால், அதைக் கடந்து வரும் பச்சை ஒளி ஏறக்குறைய இரண்டு அலைநீளம் முந்திவிடும். கூர்மையான படம் வேண்டுமென்றால் தொலைநோக்கி ஆடியின் பரப்பு முழுவதும் அலைமுகம், அதாவது ஒன்றாக முன்னேறும் ஒளியலையின் முகப்பு, ஓர் அலைநீளத்தின் சிறு பகுதிக்குள் சமமாக வந்து சேர வேண்டும். அதனால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வேறுபாடே வேலையைக் கெடுக்கப் போதும். ஒரே வெப்பத்தில், ஒரே வேகத்தில் கலக்கமின்றிப் போகும் காற்று மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடினாலும் ஒளிக்கு ஒரு கேடும் செய்யாது.

அப்படியானால் ஜெட் காற்றின் மேல் பழி ஏன் வந்தது? அது ஓடுவதால் அல்ல, அதன் ஓரங்களால். காற்றாற்றின் நடுவில் விநாடிக்கு 60 மீட்டர், அதற்கு இரண்டு கிலோமீட்டர் மேலேயோ கீழேயோ 35 மீட்டர் என்று வேகம் மாறும்போது, அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று உரசிக்கொண்டு போகின்றன. வெப்பநிலை அடுக்கு நிலையாக இருந்தால் அந்த உரசலைத் தாங்கும். வேக வேறுபாடு ஓர் எல்லையைத் தாண்டினால் அடுக்கின் விளிம்பு அலையாகச் சுருண்டு உடையும். அடுக்கின் நிலைப்பை வேக வேறுபாட்டோடு ஒப்பிடும் ரிச்சர்ட்சன் எண் கால் பங்குக்குக் கீழே விழும் நிலை என்று வானிலையியலில் இதைச் சொல்வார்கள். மேகமே இல்லாத வானத்தில் விமானம் திடீரென்று குலுங்குவதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான். ஜெட் காற்று அடிவளி மண்டலத்தின் உச்சியை ஒட்டி ஓடுவது இன்னொரு வினை. அங்கே வெப்பநிலை உயரத்தோடு குறைவது நின்றுபோகிறது. வெவ்வேறு வெப்பமுள்ள அடுக்குகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க, உடையும் அலைகள் அவற்றைக் கலந்துவிடுகின்றன.

உயரத்துக்கு ஒரு சலுகையும் உண்டு. 12 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் 200 மில்லிபார்தான். கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. அங்கே ஒரு டிகிரி வேறுபாடு ஒளிவிலகலில் ஏற்படுத்தும் மாற்றம், தரையருகே ஏற்படுத்துவதில் மூன்றில் ஒரு பங்குதான். தொலைநோக்கிக்குப் பக்கத்தில் கிடக்கும் பத்து மீட்டர் சூடான காற்று பல நேரங்களில் ஜெட் காற்றைவிடப் பெரிய எதிரியாக இருப்பதற்கு இது ஒரு காரணம். தோசைக்கல்லுக்கு மேலே எதிர்ச்சுவர் நெளிவது எல்லாருக்கும் தெரியும். வெயிலில் காய்ந்த காங்கிரீட் தளமும் இரவு பத்து மணி வரை அதைத்தான் செய்கிறது.

இனி இரண்டு அளவுகள். கலக்கத்தின் அளவை ஃபிரீட் நீளம் என்ற ஒன்றால் சொல்வார்கள்: அலைமுகம் ஓரளவு சமமாக இருக்கும் பரப்பின் குறுக்களவு. அது 10 சென்டிமீட்டர் என்றால், ஆடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நீண்ட நேரப் படத்தில் நட்சத்திரம் ஒரு ஆர்க் செகண்ட் அகலத்துக்குப் பரவித் தெரியும். ஆர்க் செகண்ட் என்பது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு. 15 சென்டிமீட்டர் என்றால் 0.67 ஆர்க் செகண்ட். இந்தப் பரவலைத்தான் வானியலாளர்கள் சீயிங் என்கிறார்கள். இந்தக் கணக்கில் காற்றின் வேகம் எங்கும் நேராக வருவதில்லை.

வேகம் வருவது ஒத்திசைவு நேரத்தில். கலக்கத்தின் வடிவம் அடியோடு மாறிப்போகும் முன் நமக்குக் கிடைக்கும் அவகாசம் அது. ஃபிரீட் நீளத்தை, கலக்கத்தைச் சுமந்து செல்லும் காற்றின் சராசரி வேகத்தால் வகுத்து, 0.314 ஆல் பெருக்கினால் கிடைக்கும். சராசரி என்றால் எல்லா அடுக்குகளின் வேகத்தையும் அவற்றின் கலக்கத்துக்கு ஏற்ப எடை போட்டு எடுப்பது. சிலியில் பரனால், பச்சோன் என்ற இரண்டு மலைகளின் அளவீடுகளை வைத்து 2002-இல் சராசின், டொக்கோவினின் இருவரும் ஒரு எளிய விதி சொன்னார்கள். 200 மில்லிபார் உயரத்தில் காற்றின் வேகம் எவ்வளவோ அதில் பத்தில் நான்கு பங்கை அந்தச் சராசரியாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அது. தரைக்காற்று அதைவிட வேகமாக இருந்தால் தரைக்காற்றின் வேகத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

போட்டுப் பாருங்கள். ஃபிரீட் நீளம் 15 சென்டிமீட்டர். மேலே விநாடிக்கு 25 மீட்டர் காற்று என்றால் சராசரி 10, அவகாசம் 4.7 மில்லிவிநாடி. மேலே 50 மீட்டர் என்றால் சராசரி 20, அவகாசம் 2.4 மில்லிவிநாடி. இரண்டு இரவிலும் சீயிங் ஒன்றேதான், 0.67 ஆர்க் செகண்ட். சாதாரண கேமராவை வைத்துப் பத்து நிமிடம் ஒளியைச் சேர்ப்பவருக்கு இரண்டு இரவும் ஒன்றுதான். அடாப்டிவ் ஆப்டிக்ஸ் வைத்திருப்பவருக்கோ இரண்டாம் இரவு பாதி வீண்.

ஏன் என்றால், அடாப்டிவ் ஆப்டிக்ஸ் செய்யும் வேலை அலைமுகத்தின் கோணலை அளந்து, நெகிழும் ஆடியை அதற்கு எதிராக வளைத்து, படத்தை நேராக்குவது. அளந்த கணத்துக்கும் வளைத்த கணத்துக்கும் இடையில் கொந்தளிப்பு நகர்ந்துவிட்டால், இல்லாத கோணலைத் திருத்திக்கொண்டிருப்போம். அவகாசம் பாதியானால் இருமடங்கு வேகமாக அளக்க வேண்டும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் பாதி ஒளிதான் கிடைக்கும். ஆக, கோணலை அளக்க உதவும் வழிகாட்டி நட்சத்திரம் இருமடங்கு பிரகாசமாக இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட நட்சத்திரங்கள் வானில் குறைவு. பார்க்கக்கூடிய பொருள்களின் எண்ணிக்கை சுருங்கிவிடுகிறது.

இது கண்ணுக்கே தெரிகிற இடம் ஒன்று உண்டு. பரனாலில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கிகளில் ஒன்றில் ஸ்ஃபியர் என்ற கருவி இருக்கிறது. நட்சத்திரத்தின் ஒளியை மறைத்து அதன் பக்கத்தில் இருக்கும் கோளைத் தேடும் கருவி. விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை ஆடியை வளைக்கிறது. ஜெட் காற்று வலுவாக இருக்கும் இரவுகளில் அந்தப் படங்களில் நட்சத்திரத்தின் இரு பக்கமும் வண்ணத்துப்பூச்சி இறக்கை போல ஒரு மங்கலான ஒளி விரிகிறது. அந்த இறக்கைகள் நீளும் திசை 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்று வீசும் திசை. ஆயிரம் முறை வளைத்தும் காற்றைப் பிடிக்க முடியவில்லை என்பதற்கு அது சாட்சி. கோள் அந்த இறக்கைக்குள் மாட்டிக்கொண்டால் தேடியது வீண்.

இதனால்தான் பரனாலில் இப்போது எந்த இரவில் எந்த ஆய்வைச் செய்வது என்று முடிவெடுக்க, அடாப்டிவ் ஆப்டிக்ஸ் கருவிகளுக்குச் சீயிங்கோடு ஒத்திசைவு நேரத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மிகச் சிறந்த பத்து சதவீத வகுப்பில் சேர, சீயிங் 0.6 ஆர்க் செகண்டுக்குள்ளும் ஒத்திசைவு நேரம் 5.2 மில்லிவிநாடிக்கு மேலும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நன்றாக இருந்தால் போதாது. அகச்சிவப்பில் வேலை செய்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் உண்டு. அலைநீளம் கூடும்போது அவகாசமும் கூடும், 2.2 மைக்ரானில் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. மேலே சொன்ன 2.4 மில்லிவிநாடி அங்கே 14 ஆகிவிடும். இன்றைய அடாப்டிவ் ஆப்டிக்ஸ் கருவிகள் பெரும்பாலும் அகச்சிவப்பில் இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

சரி, ஜெட் காற்று இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டிவிட்டால் என்ன? இங்கேதான் சிக்கல் சுவையாகிறது. பூமத்திய ரேகையருகே எழும் காற்று மேலே போய் துருவத்தை நோக்கி நகர்கிறது. 20 முதல் 30 பாகை வாக்கில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகி வறண்டுபோவதால் அங்கே மேகம் கட்டுவதில்லை. சகாராவும் அடகாமாவும் அந்த வரிசையில் கிடப்பது தற்செயல் அல்ல. அதே காற்று மேலே நகரும்போது பூமியின் சுழற்சியால் கிழக்கு நோக்கி வேகம் பெறுகிறது. பூமத்திய ரேகையில் தரையோடு சேர்ந்து சுழன்ற காற்று எந்த இழப்பும் இன்றி 30 பாகைக்குப் போனால், அங்குள்ள தரையைவிட விநாடிக்கு 134 மீட்டர் வேகமாக ஓட வேண்டும். உண்மையில் அவ்வளவு வருவதில்லை. ஆனால் துணை வெப்பமண்டல ஜெட் காற்றின் பிறப்பு அங்கேதான். ஆக, மேகமற்ற இரவுகளைத் தரும் அதே சுழற்சிதான் ஜெட் காற்றையும் தருகிறது. ஒன்றை வாங்கினால் மற்றதும் கூடவே வரும். உலகின் பேர்பெற்ற ஆய்வகங்களைப் பாருங்கள்: ஹவாயின் மௌனா கியா 20 பாகை, சிலியின் பரனால் 24.6, ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் லா பால்மா 28.7, சிலியின் லா சீலா 29, மெக்சிகோவின் சான் பெட்ரோ மார்ட்டிர் 31. எல்லாம் ஜெட் காற்று போய்வரும் வழியில்தான் இருக்கின்றன.

தப்பிக்கக் கிடைக்கும் இடைவெளி, பருவத்துக்கு ஏற்ப ஜெட் காற்று இடம்பெயர்வதில் இருக்கிறது. குளிர்காலத்தில் பூமத்திய ரேகைப் பக்கம் நகர்ந்து வலுக்கும். கோடையில் துருவப் பக்கம் ஒதுங்கி மெலியும். எவரெஸ்ட் ஏறுபவர்கள் மே மாதத்துக்காகக் காத்திருப்பதும் இதனால்தான். அப்போது ஜெட் காற்று சிகரத்தை விட்டு வடக்கே விலகுகிறது.

ஜப்பானுக்கு இந்த வாய்ப்பும் குறைவு. ஆசியாவின் கிழக்குக் கரையில் குளிர்கால ஜெட் காற்று உலகிலேயே மிக வலுவானது. விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டும் நாள்கள் உண்டு. 1920-களில் தடேனோ என்ற இடத்திலிருந்து பலூன்கள் விட்டு இந்தக் காற்றை முதலில் அளந்தவரும் ஜப்பானியரான ஓயிஷிதான். ஒகாயாமாவில் 1960-இல் நிறுவிய 1.88 மீட்டர் தொலைநோக்கியை வைத்து அவர்கள் நல்ல வேலை செய்தார்கள். ஆனால் 8.2 மீட்டர் சுபரு தொலைநோக்கியைக் கட்டும்போது சொந்த நாட்டில் இடம் தேடாமல் ஹவாயின் மௌனா கியாவுக்குப் போனார்கள். மேகம், ஈரம், நகர வெளிச்சம் எல்லாம் சேர்ந்த முடிவு அது. தலைக்கு மேல் ஓடும் காற்றும் அந்தக் கணக்கில் உண்டு.

உயர்காற்றின் வேகத்தையே ஆய்வக இடத்தின் மதிப்பெண் ஆக்கலாம் என்ற யோசனை 1980-களில் பரவியது. பிரெஞ்சு விஞ்ஞானி வெர்னின் 1986-இல் 200 மில்லிபார் காற்றைக் கவனிக்கச் சொன்னார். அதற்கும் முன்பே ஹஃப்னாகல் உருவாக்கிய கொந்தளிப்பு மாதிரி ஒன்றில், உயர அடுக்கின் கலக்கம் காற்று வேகத்தின் இருமடியோடு கூடுவதாக இருந்தது. யோசனையின் கவர்ச்சி எதில் என்றால், உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளுக்கான காற்றுத் தரவு வானிலை நிறுவனங்களிடம் தயாராக இருக்கிறது. மலையேற வேண்டாம், கருவி வேண்டாம், கணினி முன் உட்கார்ந்தபடியே இடங்களை வரிசைப்படுத்திவிடலாம்.

வரிசைப்படுத்தினால் வந்தது இது. ஆண்டுச் சராசரியாக 200 மில்லிபாரில் லா பால்மாவுக்கு விநாடிக்குச் சுமார் 22 மீட்டர், மௌனா கியாவுக்கு 24, சான் பெட்ரோ மார்ட்டிருக்கு 27, பரனாலுக்கு 30, லா சீலாவுக்கு 33. இதை மட்டும் நம்பியிருந்தால் ஐரோப்பியர்கள் பரனாலின் பக்கமே போயிருக்கக் கூடாது. போனார்கள், உலகின் தலைசிறந்த ஆய்வகங்களில் ஒன்றைக் கட்டினார்கள். இப்போது அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் என்று சொல்லத்தக்க அர்மசோனஸ் மலையில், 3046 மீட்டர் உயரத்தில், 39 மீட்டர் தொலைநோக்கியையும் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 22-க்கும் 33-க்கும் இடையில் இருப்பது ஒத்திசைவு நேரத்தில் ஒன்றரை மடங்கு வேறுபாடு. அதைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் ஆண்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் தெளிந்த இரவுகளும் வறண்ட காற்றும் அதை ஈடுகட்டிவிட முடியும். இந்தத் தரவரிசைப் பட்டியல்களின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. ஆண்டுச் சராசரி என்பதே ஏமாற்று. ஆண்டின் பாதியில் 15, மறுபாதியில் 45 என்று ஓடும் இடத்துக்கும், ஆண்டு முழுவதும் 30 ஓடும் இடத்துக்கும் சராசரி ஒன்றேதான். ஆய்வாளருக்கு முதல் இடம் பொன்.

பரனாலிலேயே நடந்த ஒன்றைச் சொன்னால் தரைக்காற்றின் வலிமை புரியும். 1990-களின் பிற்பகுதியிலிருந்து அங்குள்ள சீயிங் அளக்கும் சிறு கருவி ஆண்டுக்கு ஆண்டு மோசமான அளவைக் காட்டிக்கொண்டே வந்தது. இடத்தேர்வின்போது 0.65 ஆர்க் செகண்டு வாக்கில் இருந்தது கூடிக்கொண்டே போயிற்று. உயரத்துக் காற்று மாறிவிட்டதோ, பருவநிலையோ என்றெல்லாம் கவலைப்பட்டார்கள். ஆனால் அதே காலத்தில் பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களின் கூர்மை குறையவில்லை. பிறகுதான் விடை கிடைத்தது. தரையை ஒட்டிய ஒரு மெல்லிய கொந்தளிப்பு அடுக்குக்குள் அந்தச் சிறு கருவி மாட்டிக்கொண்டிருந்தது. சில மீட்டர் உயரத்தில் நின்ற அது அடுக்கின் முழுக் கலக்கத்தையும் பார்த்தது. உயரமான குவிமாடங்களுக்குள் இருந்த பெரிய தொலைநோக்கிகள் அதற்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்தன. சராசின் குழுவினர் 2008-இல் இதை வெளியிட்டார்கள். 12 கிலோமீட்டர் உயரத்தில் தேடிய குற்றவாளி வாசற்படியில் நின்றிருக்கிறான்.

இதன் உச்சகட்டம் அண்டார்டிகாவில் 3233 மீட்டர் உயரத்தில் இருக்கும் டோம் சி. ஜெட் காற்றுக்கு எட்டாத இடம். 2004-இல் வெளியான அளவீட்டின்படி அங்கே தரையை ஒட்டிய சுமார் 30 மீட்டர் அடுக்குக்கு மேலே சீயிங் 0.27 ஆர்க் செகண்ட், ஒத்திசைவு நேரம் 7.9 மில்லிவிநாடி. உயரத்துக் காற்று அடங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் அந்த 30 மீட்டர் அடுக்கோ படுமோசம். தொலைநோக்கியைக் கோபுரத்தில் ஏற்ற வேண்டும், மைனஸ் 70 டிகிரியில் இயக்க வேண்டும். யார் போவது?

தரைக்காற்றிலும் அளவு உண்டு. பரனாலில் விநாடிக்கு 12 மீட்டரைத் தாண்டினால் காற்று வரும் திசையில் தொலைநோக்கியைத் திருப்ப மாட்டார்கள். 18 மீட்டரில் குவிமாடத்தை மூடிவிடுவார்கள். காற்றே இல்லாவிட்டாலும் தொல்லைதான். இரண்டாம் ஆடியைத் தாங்கும் கம்பிகள் இரவில் வானத்துக்கு வெப்பத்தை இழந்து குளிர்ந்துபோகின்றன. அவற்றை ஒட்டிய காற்றும் குளிர்ந்து தேங்கி அலைமுகத்தை துண்டு துண்டாக வெட்டுகிறது. விநாடிக்குச் சில மீட்டர் வீசும் மெல்லிய காற்று இதையெல்லாம் கழுவிக்கொண்டு போகும்.

உயர்காற்றின் வேகம் நன்மை செய்யும் வேலையும் ஒன்று உண்டு. நட்சத்திரம் மினுக்குவது பெரும்பாலும் உயரத்துக் கொந்தளிப்பால். தூரத்தில் ஏற்படும் சிறு வளைவும் தரைக்கு வருவதற்குள் ஒளியைக் குவித்தும் சிதறடித்தும் விடுகிறது. பிரகாசத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியமாக அளந்து, நட்சத்திரத்தின் முன்னே கோள் கடந்து போவதைத் தேடுபவர்களுக்கு இந்த மினுக்கல்தான் பெரிய இரைச்சல். ஆனால் அவர்கள் பல விநாடிகள் ஒளியைச் சேர்க்கிறார்கள். மேலே காற்று வேகமாக ஓடினால் அந்த நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான நிழல்கள் ஆடியைக் கடந்து போய்ச் சராசரி ஆகிவிடும். ஆக, கலக்கத்தின் வலு ஒன்றாகவே இருக்கும்போது, வேகமான ஜெட் காற்று அவர்களுக்கு நல்லது செய்கிறது. அடாப்டிவ் ஆப்டிக்ஸ்காரர் திட்டும் அதே காற்றை ஒளியளவைக்காரர் வாழ்த்தலாம்.

இப்போது ஹான்லேவுக்கு வருவோம். குளிர்காலத்தில் ஜெட் காற்றின் நடுமையம் இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியச் சமவெளிக்கு மேல் இருக்கிறது. அந்த வகையில் 3.6 மீட்டர் தொலைநோக்கி உள்ள நைனிடால் பக்கத்துத் தேவஸ்தல்தான் அதற்கு நெருக்கம். ஹான்லே அதன் வடக்கு ஓரத்தில். ஜூன் வாக்கில் ஜெட் காற்று திபெத் பீடபூமிக்கு வடக்கே தாவிவிடும். மழைக்காலம் முடிந்து, ஜெட் காற்று முழுவேகத்தில் திரும்பி வருவதற்கு முந்தைய இலையுதிர் மாதங்கள் ஹான்லேயின் நல்ல காலம். இன்னொரு கணக்கும் ஹான்லேவுக்குச் சாதகம். அது 4500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 12 கிலோமீட்டர் உயரத்து அடுக்கு அங்கிருந்து ஏழரை கிலோமீட்டர்தான். மினுக்கல் பெரிய தொலைநோக்கியில் தூரத்தின் இருமடியாகக் கூடுவதால், அதே அடுக்கு கடல் மட்டத்தில் தரும் மினுக்கலில் ஏறத்தாழ 40 சதவீதம்தான் அங்கே. பாதகம் என்று எனக்குத் தோன்றுவது காற்று வரும் வழி. மௌனா கியாவுக்குக் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சமமான கடலைக் கடந்து அலுங்காமல் வருகிறது. ஹான்லேவுக்கு மேற்கே மலைத்தொடர் மேல் மலைத்தொடர். அவற்றைத் தாண்டும் காற்றில் அலைகள் எழும்பி, உயரத்தில் உடைய வாய்ப்பு உண்டு.

2000-இல் முதல் ஒளி பெற்ற அங்குள்ள 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி செய்யும் நிறமாலை, ஒளியளவை வேலைகளுக்கு ஜெட் காற்று தடையே இல்லை. இருளும் வறட்சியும் உயரமும் சேர்ந்து தருவதை மேலே ஓடும் காற்று தட்டிப் பறிக்க முடியாது. 13.7 மீட்டர் தேசியப் பெருந்தொலைநோக்கி அங்கே முன்மொழியப்பட்டிருக்கிறது. அந்த அளவுக்கு அடாப்டிவ் ஆப்டிக்ஸ் இல்லாமல் முடியாது. அப்போது மாதவாரியான ஒத்திசைவு நேரம்தான் நான் முதலில் கேட்கும் எண், சீயிங் அடுத்துதான். அதே பீடபூமியின் வடக்கு ஓரத்தில், 38 பாகையைத் தாண்டி, லெங்ஹூ என்ற இடத்தில் 4200 மீட்டர் உயரத்தில் சீனர்கள் 0.75 ஆர்க் செகண்ட் நடுமதிப்பு அளந்து 2021-இல் வெளியிட்டார்கள். மேலைக்காற்று ஓடும் உள்நாட்டு மலையிலும் மௌனா கியாவோடு ஒப்பிடத்தக்க எண் வருகிறது என்பதற்கு அது சான்று.

தென்னிந்தியா? திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் காவலூர் 12.6 பாகையில் இருக்கிறது, 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே. குளிர்கால ஜெட் காற்று அங்கிருந்து வெகு வடக்கே. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, காவலூரின் தெளிந்த இரவுகள் வரும் அதே காலத்தில், தலைக்கு மேலே காற்று மெத்தனமாகத்தான் இருக்கும். நீங்கள் சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலை தலைகீழ். 1950-களில் வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம் விவரித்த வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று, கிட்டத்தட்ட சென்னையின் அட்சரேகையில், கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். அதன் நடுமையம் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் 200 மில்லிபார் வரைபடத்தில் பாதிதான் தெரியும். 100 மில்லிபாருக்குப் போனால்தான் முழு வேகம் தெரியும். அந்த மாதங்களில் மேகம் மூடிக்கிடப்பதால் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. காவலூரின் உண்மையான குறை ஜெட் காற்று அல்ல: 725 மீட்டர் உயரம், ஈரக்காற்று, இரண்டு பருவமழைகளுக்கு நடுவே மிஞ்சும் சில மாதங்கள்.

உங்கள் மொட்டைமாடிக்கு வருகிறேன். வரைபடம் பார்ப்பதில் தவறில்லை. டெல்லியில் ஜனவரியில் வியாழனைப் பார்க்கும் நண்பருக்கு அது நிச்சயம் உதவும். சென்னையில் அதே ஜனவரியில் அது பெரும்பாலும் ‘எல்லாம் நலம்’ என்றுதான் காட்டும். படம் கலங்கினால் காரணம் காலடியில். கண்டுபிடிக்க ஒரு வழி: உச்சிக்கு அருகில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து, குவியத்தை வேண்டுமென்றே விலக்குங்கள். ஒளி வட்டமாக விரியும். நடுவில் இரண்டாம் ஆடியின் நிழல் தெரியும். அந்த வட்டத்துக்குள் மெல்லிய வரிகள் ஒரே திசையில் சரசரவென்று ஓடினால் உயரத்துக் காற்று. ஓடும் திசையை அன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். வட்டத்தின் மேல்விளிம்பில் மட்டும் புகை போல மெதுவாகச் சுருண்டால் குழாய்க்குள் தேங்கிய வெப்பம். ஒரு மணி நேரம் வெளியே வைத்து ஆறவிடுங்கள், பின்புறம் சிறு மின்விசிறி இருந்தால் ஓடவிடுங்கள். வட்டம் முழுவதும் திசையில்லாமல் கொதித்தால் தளத்தின் சூடு. அதற்கு நள்ளிரவுக்குப் பின் பார்ப்பதும், முடிந்தால் தொலைநோக்கியைக் காங்கிரீட்டை விட்டுப் புல்தரைக்கு மாற்றுவதும்தான் வழி.